வெப்சைட் ஓடுகிற சர்வரிலிருந்து அனுப்பும் மெயில் ஏன் ஸ்பாமுக்குப் போகிறது?

விபிஎஸ் (இணையத்தில் கிடைக்கும் வாடகை சர்வர்) ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, வெப்சைட்டைக் காட்டும் என்ஜின்எக்ஸை நிறுவி, ஒரு மாலைக்குள் வெப்சைட்டை ஓடவிட்டுவிடுகிறவர்கள் இன்று நிறையப் பேர். அடுத்து அதே சர்வரில் மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸையும் நிறுவி, ‘இன்ஃபோ’ என்று தொடங்கும் முகவரி ஒன்றை உருவாக்கி, தங்கள் ஜிமெயிலுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்க்கிறார்கள். அது ஸ்பாமில் கிடக்கும், இல்லாவிட்டால் வந்தே சேராது. உடனே ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: சப்ஜெக்டில் ‘ஃப்ரீ’ என்று இருந்தால் எடுத்துவிடு, படம் வைக்காதே, ஐபியை (இணையத்தில் சர்வரின் எண் முகவரியை) மாற்று, எஸ்எஸ்எல் (வெப்சைட்டின் அடையாள சர்டிஃபிகேட்) வாங்கு.

இந்த யோசனைகளில் பெரும்பாலானவை பிரச்சினைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. மெயிலைப் பெறும் சர்வர், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப உனக்கு உரிமை இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறது. அதற்கான பதில் உங்கள் சர்வருக்குள் இல்லை, வெளியே டிஎன்எஸ் என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக வந்துவிடும் என்பதால், லினக்ஸ் கட்டளைகளைப் பட்டியல் போடாமல் இதை மட்டும் நிதானமாகச் சொல்லப் போகிறேன்.

விளக்கத்துக்கு எக்ஸாம்பிள் டாட் காம் என்ற டொமைனையும் 203.0.113.10 என்ற ஐபி முகவரியையும் வைத்துக்கொள்வோம். இரண்டுமே இந்த மாதிரி விளக்கங்களுக்காகவே ஒதுக்கப்பட்டவை, யாருக்கும் தொந்தரவு இல்லை.

டொமைன் வேறு, ஹோஸ்டிங் வேறு, மெயில் வேறு

டொமைன் என்பது வெறும் பெயர். ஆண்டுக்கு ஒரு முறை பணம் கட்டி வைத்துக்கொள்கிறோம். ஹோஸ்டிங் என்பது உங்கள் வெப்சைட்டின் கோப்புகள் இருக்கிற, எந்நேரமும் இணையத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் கிடைக்கும் இடம். மெயில் என்பது அந்தப் பெயருக்கு வருவதை வாங்கிவைத்து, அந்தப் பெயரிலிருந்து போவதை அனுப்பிவைக்கும் தனிச் சேவை. மூன்றையும் ஒரே நிறுவனம் ஒரே பில்லில் விற்பதால் மூன்றும் ஒன்று என்ற எண்ணம் பலருக்கு அப்படியே பதிந்துவிட்டது.

மூன்றையும் இணைப்பது டிஎன்எஸ். ஒரு டொமைனைப் பற்றி உலகில் யார் கேட்டாலும் பதில் சொல்லும் பொதுப் பதிவேடு அது; பால் மொக்கபெட்ரிஸ் 1983-ல் வடிவமைத்தது. அதில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் ரெக்கார்டு என்று பெயர். வெப்சைட் எந்த ஐபி முகவரியில் இருக்கிறது என்று சொல்வது ஏ ரெக்கார்டு. இந்த டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. இரண்டும் ஒரே சர்வரைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

இது தெரியாததால் அடிக்கடி நடக்கும் ஒரு விபத்து இருக்கிறது. வெப்சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றுவார்கள். புது நிறுவனம் ‘எங்கள் நேம்சர்வரைப் போடுங்கள்’ என்று சொல்லும், போடுவார்கள். நேம்சர்வர் என்பது அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்; அது மாறினால் பதிவேடே மாறிவிட்டது என்று அர்த்தம். பழைய பதிவேட்டில் இருந்த எம்எக்ஸ் ரெக்கார்டு புதியதில் தானாக வந்து உட்காராது. வெப்சைட் நன்றாகத் திறக்கும். அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைப்பார்கள். மெயில் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். ‘ரெண்டு நாளா ஆர்டரே வரலையே’ என்று யாராவது கேட்கும்போதுதான் தெரியவரும். வெப்சைட்டை மட்டும் இடம் மாற்றுகிறீர்கள் என்றால் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள், நேம்சர்வரைத் தொடாதீர்கள்.

வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் இன்னொரு வித்தியாசம், இதுதான் முக்கியம். வெப்சைட்டில் பார்க்க வருகிறவர்தான் உங்கள் சர்வரைத் தேடி வருகிறார். அவருடைய பிரவுசர் 443-ஆம் போர்ட்டில் (ஒவ்வொரு சேவைக்கும் சர்வரில் உள்ள எண்ணிட்ட வாசல்) வந்து, உங்கள் சர்டிஃபிகேட்டைச் சரிபார்த்துவிட்டுப் பக்கத்தைக் காட்டுகிறது. அந்த சர்டிஃபிகேட்டை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. மெயிலில் உங்கள் சர்வர் அடுத்தவர் சர்வரைத் தேடிப் போகிறது. வாங்குவதா வேண்டாமா என்ற முடிவு முழுக்க அவர்களுடையது. அதனால்தான் வெப்சைட் ஒரு மாலையில் முடிகிற வேலையாகவும், மெயில் மாதக்கணக்கில் கவனம் கேட்கிற வேலையாகவும் இருக்கிறது.

ஒரு மெயில் போகும் வழி

நீங்கள் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் ஒரு மெயில் எழுதி அனுப்புகிறீர்கள். அது உங்கள் சர்வரின் 587-ஆம் போர்ட்டுக்குப் போகிறது. அங்கே யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தால்தான் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்வது போஸ்ட்ஃபிக்ஸ். ஐபிஎம்மில் வேலை பார்த்தபோது வீட்சே வெனமா எழுதி 1998-ல் வெளிவந்த மென்பொருள் இது, மெயிலை அனுப்புவதும் வாங்குவதும்தான் இதன் வேலை. இந்த வேலையைச் செய்யும் எக்ஸிம் போன்ற வேறு மென்பொருள்களும் உண்டு. நடக்கிற விஷயம் ஒன்றுதான்.

போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வரிசையில் வைத்துவிட்டு, பெறுபவரின் டொமைனுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு என்ன என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். பதிலாக வரும் சர்வரின் 25-ஆம் போர்ட்டில் போய் எஸ்எம்டிபி மொழியில் பேசும். எஸ்எம்டிபி என்பது மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறை, 1982-ல் வரையறுக்கப்பட்டது. பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

அங்கிருந்து: 220, தயார்.
இங்கிருந்து: நான் மெயில் டாட் எக்ஸாம்பிள் டாட் காம்.
அங்கிருந்து: 250, சரி.
இங்கிருந்து: இந்த முகவரியிலிருந்து ஒரு மெயில்.
அங்கிருந்து: 250, சரி.
இங்கிருந்து: இந்த முகவரிக்குப் போக வேண்டும்.
அங்கிருந்து: 250, சரி.
இங்கிருந்து: உள்ளடக்கத்தைத் தருகிறேன்.
அங்கிருந்து: 354, தா.

கடைசியில் ஒரு 250 வந்தால் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று பொருள். அதன் பிறகு மெயில் அந்தப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். அந்தச் சர்வரும் லினக்ஸாக இருந்தால் அங்கே பெரும்பாலும் டவ்காட் என்ற மென்பொருள் ஓடும். பெட்டியில் இருப்பதைப் பெறுபவரின் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஐமேப் என்ற நெறிமுறை வழியாக, 993-ஆம் போர்ட்டில் காட்டுவது அதன் வேலை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அனுப்புவதற்கு எஸ்எம்டிபி, படிப்பதற்கு ஐமேப், யாரிடம் கொடுப்பது என்று சொல்வதற்கு எம்எக்ஸ் ரெக்கார்டு.

உறையில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர்

மேலே உள்ள பேச்சை இன்னொரு முறை பாருங்கள். ‘இந்த முகவரியிலிருந்து’ என்று அனுப்புகிற சர்வர் தானே சொல்லிக்கொள்கிறது. நிஜமா என்று யாரும் கேட்கவில்லை. 1982-ல் இணையத்தில் இருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும்தான், ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அப்படியே நெறிமுறைக்குள் தங்கிவிட்டது.

தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் அனுப்புநர் முகவரி எழுதுகிறோம். உள்ளே இருக்கும் தாளின் தலைப்பிலும் ‘அனுப்புநர்’ என்று எழுதுகிறோம். உறையில் ஒரு பெயரும் தாளில் வேறு பெயரும் இருந்தாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கடிதத்தைப் பிரித்து உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படிப்பவருக்கு, தாளில் இருக்கும் பெயர் மட்டும்தான் தெரியும்.

மெயிலிலும் இதேபோல இரண்டு அனுப்புநர்கள் உண்டு. எஸ்எம்டிபி பேச்சில் சொல்லப்படுவது உறை முகவரி. மெயில் போய்ச் சேராவிட்டால் ‘சேரவில்லை’ என்ற தகவல் திரும்பி வருவது இந்த முகவரிக்குத்தான். உள்ளடக்கத்தின் தொடக்கத்தில் இருப்பது ஃப்ரம் முகவரி. திரையில் நாம் பார்ப்பது இது. இரண்டிலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் வங்கியின் பெயரில் வரும் போலி மெயில்களுக்கு யாரும் அந்த வங்கியின் சர்வரை உடைத்து நுழைய வேண்டியதில்லை, ஃப்ரம் முகவரியில் அந்தப் பெயரை எழுதினாலே போதும். ‘என் பெயரில் யாருக்கோ மெயில் போயிருக்கிறது, என் அக்கவுண்ட்டை ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று பதறுகிறவர்களில் பலருக்கு நடந்ததும் இதுதான்.

இந்த ஓட்டையை அடைக்க மூன்று ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றுமே டிஎன்எஸ் ரெக்கார்டுகள்தான்.

எஸ்பிஎஃப்: எந்த ஐபிக்கு அனுமதி

எஸ்பிஎஃப் என்பது ‘என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த ஐபிக்களுக்கு மட்டுமே அனுமதி’ என்று டொமைன் உரிமையாளர் டிஎன்எஸ்ஸில் எழுதிவைக்கும் ஒரு வரி. பெறும் சர்வர், தன்னிடம் வந்து பேசுவது 203.0.113.10 என்று பார்க்கிறது. உறை முகவரியில் இருக்கும் டொமைனின் எஸ்பிஎஃப் வரியை எடுத்துப் பார்க்கிறது. பட்டியலில் அந்த ஐபி இருந்தால் பாஸ்.

இது உறையைத்தான் பார்க்கிறது, தாளைப் பார்ப்பதில்லை. அதோடு, ஒருவர் தன் மெயிலை வேறொரு பெட்டிக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருந்தால், கடைசியில் கொண்டுவந்து கொடுப்பது இடையில் உள்ள சர்வர் என்பதால் ஐபி பொருந்தாமல் போய்விடும். ஆக எஸ்பிஎஃப் மட்டும் போதாது.

இதில் எங்கும் காணப்படும் தவறு, ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரிகள் வைப்பது. ஏற்கனவே ஒன்று இருக்கும். புதிதாக ஒரு நியூஸ்லெட்டர் சேவையில் சேர்வார்கள், அவர்கள் கொடுத்த வரியைத் தனியாக இன்னொன்றாகச் சேர்த்துவிடுவார்கள். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் அதைப் பிழை என்றே எடுத்துக்கொள்ளும், இரண்டில் எதுவும் செல்லாது. இருக்கிற வரிக்குள்ளேயே புதியதைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு: அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது.

டிகேஐஎம்: மெயிலின் மேல் கையெழுத்து

டிகேஐஎம் ஐபியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இதில் ஒரு ஜோடிச் சாவிகள் உண்டு. ரகசியச் சாவி உங்கள் சர்வரில் இருக்கும், பொதுச் சாவியை டிஎன்எஸ்ஸில் போட்டுவைப்பீர்கள். மெயில் கிளம்பும்போது அதன் முக்கியத் தலைப்பு வரிகளையும் உள்ளடக்கத்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, ரகசியச் சாவியால் கையெழுத்திட்டு, அந்தக் கையெழுத்தையும் மெயிலோடு சேர்த்து அனுப்புகிறது சர்வர். பெறுபவர் பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்க்கிறார். கையெழுத்திட்ட பகுதியில் வழியில் ஏதாவது மாறியிருந்தால் கையெழுத்து பொருந்தாது.

மெயிலோடு சேர்ந்தே போவதால், ஃபார்வர்டு ஆனாலும் இது பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். இடையில் யாராவது அடியில் ஒரு வரி சேர்த்தால்தான் உடையும். போஸ்ட்ஃபிக்ஸுடன் ஓபன்டிகேஐஎம் என்ற சிறிய மென்பொருளை இணைத்தால் இது ஓடிவிடும்; சாவியை 2048 பிட் நீளத்தில் உருவாக்குங்கள்.

டிமார்க்: தாளையும் உறையையும் ஒப்பிடுவது

மேலே சொன்ன இரண்டும் ஒரு டொமைனைச் சரிபார்க்கின்றன, ஆனால் அந்த டொமைன் திரையில் தெரியும் ஃப்ரம் டொமைன்தானா என்று பார்ப்பதில்லை. ஏமாற்றுகிறவன் தன் சொந்த டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் எல்லாம் ஒழுங்காக வைத்துக்கொண்டு, ஃப்ரம் முகவரியில் மட்டும் உங்கள் பெயரைப் போட்டால்? இரண்டு சோதனையும் பாஸ்தான்.

டிமார்க் அந்த இடைவெளியை மூடுகிறது. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும், அப்படிப் பாஸ் ஆன டொமைன் ஃப்ரம் முகவரியின் டொமைனோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் உரிமையாளரே எழுதிவைக்கிறார்: ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்பாமில் போடு, மறுத்துவிடு என்று மூன்று நிலைகள். உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று பெறும் நிறுவனங்கள் அறிக்கை அனுப்பவும் இதில் ஒரு முகவரி கொடுக்கலாம்.

முதலில் ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று வைத்து, சில வாரம் அறிக்கைகளைப் பாருங்கள். நீங்களே மறந்துபோன ஒரு பில்லிங் மென்பொருள் உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருப்பது அதில்தான் தெரியவரும். அதையெல்லாம் சரிசெய்துவிட்டு மெதுவாக இறுக்குங்கள். எடுத்த எடுப்பில் ‘மறுத்துவிடு’ என்று வைத்தால் உங்கள் சொந்த இன்வாய்ஸ்களே திரும்பி வரும்.

சுருக்கமாக: எஸ்பிஎஃப் ஐபியைச் சொல்கிறது, டிகேஐஎம் கையெழுத்தைச் சொல்கிறது, இரண்டில் ஒன்று ஃப்ரம் டொமைனோடு பொருந்துகிறதா என்று டிமார்க் பார்க்கிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதை நிபந்தனையாகவே ஆக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். அதற்குக் குறைவாக அனுப்புகிறவர்களுக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

கான்டாக்ட் ஃபார்ம் கதை

இவ்வளவும் தெரிந்தால், வெப்சைட் வைத்திருக்கிறவர்களின் பழைய புலம்பல் ஒன்றுக்கு உடனே விடை கிடைக்கும்: ‘கான்டாக்ட் ஃபார்மில் எழுதினால் சில பேருடைய மெயில் மட்டும் வருவதில்லை.’

பார்வையாளர் ஒருவர் ஃபார்மில் தன் யாஹூ முகவரியைக் கொடுத்து எழுதுகிறார். பதில் போடும்போது அவருக்கே போகட்டும் என்று நினைத்து, ஃபார்மை எழுதியவர் அந்த யாஹூ முகவரியையே ஃப்ரம் முகவரியாக வைத்துவிட்டார். இப்போது உங்கள் 203.0.113.10, ‘இது யாஹூவிலிருந்து வருகிறது’ என்று சொல்லிக்கொண்டு உங்கள் மெயில் பெட்டி இருக்கும் நிறுவனத்திடம் போய் நிற்கிறது. யாஹூவின் எஸ்பிஎஃப் பட்டியலில் உங்கள் ஐபி இல்லை, யாஹூவின் கையெழுத்தும் இல்லை. யாஹூ 2014-லிருந்தே தன் டிமார்க்கை ‘மறுத்துவிடு’ என்றுதான் வைத்திருக்கிறது. மெயில் மறுக்கப்படுகிறது. வேறு முகவரி கொடுத்தவருடைய மெயில் எப்படியோ வந்துவிடுவதால் ‘சில பேருக்கு மட்டும்’ என்ற குழப்பம்.

தீர்வு ரொம்ப எளிது. ஃப்ரம் முகவரியில் உங்கள் சொந்த டொமைன் முகவரி, ரிப்ளை-டு என்ற வரியில் பார்வையாளரின் முகவரி. பதில் அழுத்தினால் அவருக்கே போகும், சோதனையும் பாஸ் ஆகும்.

ஐபியின் பின்கதை

மூன்று ரெக்கார்டும் சரியாக இருந்து இன்னும் சிக்கல் என்றால் ஐபியைப் பார்க்க வேண்டும். பெயரைக் கொடுத்தால் ஐபி சொல்வது ஏ ரெக்கார்டு என்றால், ஐபியைக் கொடுத்தால் பெயர் சொல்வது பிடிஆர் ரெக்கார்டு. இது இல்லாத சர்வரிடமிருந்து பல இடங்களில் மெயில் வாங்கவே மாட்டார்கள். டொமைன் வாங்கிய இடத்தில் தேடினால் இது கிடைக்காது. ஐபி யாருடையதோ அவர்கள்தான் வைக்க முடியும், அதாவது விபிஎஸ் கொடுத்த நிறுவனம். அவர்களுடைய கன்ட்ரோல் பேனலில் இருக்கும், இல்லாவிட்டால் டிக்கெட் போட்டுக் கேளுங்கள். பிடிஆர் சொல்லும் பெயர் திரும்ப அதே ஐபிக்கு வந்து சேர வேண்டும்.

அப்புறம், அந்த ஐபி உங்களுக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்பதும் உண்டு. ஸ்பாம் அனுப்பிய ஒருவர் விட்டுப்போன ஐபி உங்களுக்கு வந்திருக்கலாம். ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் பராமரிக்கும் தடைப்பட்டியல்களில் அது இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுட் போன்ற சர்வர் வாடகைச் சேவைகள் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டைத் தொடக்கத்திலேயே மூடி வைத்திருப்பதும் இந்த ஸ்பாம் தொல்லையால்தான். போஸ்ட்ஃபிக்ஸ் கான்ஃபிகரேஷனை எத்தனை முறை மாற்றினாலும் அங்கே மெயில் போகாது.

வெப்சைட்டையும் மெயிலையும் ஒரே சர்வரில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஐபிதான் காரணம். அப்டேட் செய்யாமல் விட்ட ஒரு வேர்ட்பிரஸ் பிளகின் வழியாக எவனாவது உள்ளே வந்துவிட்டால், பெரும்பாலும் முதலில் செய்வது உங்கள் சர்வரிலிருந்தே ஸ்பாம் அனுப்புவது. ‘மெயில்க்யூ’ என்று அடித்துப் பார்த்தால் நீங்கள் அனுப்பாத ஆயிரக்கணக்கான மெயில்கள் வரிசையில் நிற்கும். பிளகினைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும், கெட்ட ஐபியின் பெயரை மீட்க வாரங்கள் ஆகும். வெப்சைட்டை நீங்களே தாராளமாக நடத்துங்கள். மெயில் சர்வரையும் கற்றுக்கொள்வதற்காக ஒரு தனி டொமைனில் கட்டாயம் நடத்திப் பாருங்கள், இணையத்தைப் பற்றி இவ்வளவு கற்றுக்கொடுக்கும் வேலை வேறு அதிகம் இல்லை. கடையின் பில்லும் ஆர்டரும் போகிற மெயிலை மட்டும், தினமும் லாகைப் (சர்வர் தானாக எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பை) பார்க்க ஆள் இல்லாதவரை, அதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் விட்டுவிடுவது நல்லது.

மெயில் வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது

ஊகிக்காமல் லாகைத் திறங்கள். உபுண்டுவில் ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லாக்’ ஃபோல்டரில் ‘மெயில் டாட் லாக்’ என்ற கோப்பு; அல்மாலினக்ஸ் போன்றவற்றில் அதே இடத்தில் ‘மெயில்லாக்’. பெறுபவரின் முகவரியைத் தேடினால் அந்த மெயிலுக்கு என்ன பதில் வந்தது என்று ஒரு மூன்று இலக்க எண்ணோடு இருக்கும். 4-ல் தொடங்கினால் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று அர்த்தம். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே திரும்பத் திரும்ப முயலும், மாற்றாமல் விட்டிருந்தால் 5 நாள் வரை. புதிய சர்வருக்கு இந்தப் பதில் வருவது சாதாரணம், பயப்பட வேண்டாம். 5-ல் தொடங்கினால் உறுதியான மறுப்பு. ஏன் என்று அதே வரியில் பெரும்பாலும் எழுதியே இருக்கும், பலர் அதைப் படிக்காமல் ஐபியை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள்.

250 என்று இருந்தால் உங்கள் சர்வர் தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் 250 என்பது ‘வாங்கிக்கொண்டேன்’ என்பது மட்டும்தான், இன்பாக்ஸில் வைத்தேன் என்பது அல்ல. அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் பெறும் பக்கத்துக்குப் போக வேண்டும். உங்கள் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேராக பாஸ் அல்லது ஃபெயில் என்று ஜிமெயிலே காட்டும். ஃபெயில் ஆன வரியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். மூன்றும் பாஸ் ஆகி, பிடிஆரும் சரியாக இருந்து, இன்னும் ஸ்பாமில் விழுந்தால் உங்கள் டொமைனும் ஐபியும் அவர்களுக்குப் புதிது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சில வாரம் அனுப்புங்கள். சப்ஜெக்டில் இருக்கும் சொற்களைப் பற்றி யோசிப்பதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.